புள்ளி விசை எதனை நினைவில் வைக்கிறது?

கணினியில் எழுதும்போது ஒரே திருத்தத்தைப் பல இடங்களில் செய்ய வேண்டிய நிலை அடிக்கடி ஏற்படும். 40 பெயர்கள் கொண்ட பட்டியலில் ஒவ்வொரு பெயருக்குப் பின்னும் காற்புள்ளி இட வேண்டியிருக்கலாம். நீண்ட கட்டுரையில் வரும் நூற்பெயர்களுக்கெல்லாம் மேற்கோள் குறி இட வேண்டியிருக்கலாம். முதல் இரண்டு இடங்களில் கவனத்துடன் செய்யும் கை, இருபதாவது இடத்தில் சோர்ந்துவிடுகிறது. அரைத்த மாவையே அரைக்கும் இத்தகைய வேலையில்தான் பிழைகள் மிகுதியாக நுழைகின்றன.

இதற்காகவே பல மென்பொருள்களில் மீள்செயல் கட்டளை அமைக்கப்பட்டுள்ளது. கடைசியாகச் செய்த செயலை அது மீண்டும் ஒருமுறை செய்து தரும். மைக்ரோசாஃப்ட் வோர்டு மென்பொருளில் 'எஃப்4' விசை இப்பணியைச் செய்கிறது. கணினி நிரல் எழுதுவோர் பலர் பயன்படுத்தும் 'விம்' எனும் உரைத்திருத்தியில் முற்றுப்புள்ளி விசையே மீள்செயல் கட்டளையாகும். ஒரே ஒரு விசையை அழுத்தினால், முன்பு செய்த திருத்தம் மற்றோர் இடத்திலும் நிகழ்ந்துவிடும்.

விம் மற்றொரு வசதியையும் தருகிறது. பயனர் தாம் விரும்பும் விசைக்குத் தாம் விரும்பும் பணியை ஒதுக்கிக்கொள்ளலாம். இவ்வாறு பயனரே உருவாக்கிக்கொள்ளும் விசையைக் குறுக்குவிசை எனலாம். இவ்விரு வசதிகளும் தனித்தனியே நன்றாக இயங்குகின்றன. ஆனால், சொந்தக் குறுக்குவிசையை அழுத்திய பிறகு புள்ளி விசையை அழுத்தினால், எதிர்பாராத விளைவு ஏற்படுவதுண்டு. இதற்குக் காரணம் மென்பொருளில் உள்ள பழுதன்று. 'மீண்டும் செய்' என்று சொல்லும்போது மனிதர் நினைப்பதும் கணினி நினைவில் வைத்திருப்பதும் வெவ்வேறாக இருப்பதே காரணம்.

மெதுவான இணைப்பில் பிறந்த சிக்கனம்

விம் மென்பொருளின் முன்னோடி 'வி ஐ' எனும் உரைத்திருத்தி. அமெரிக்காவின் பெர்க்லி நகரிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் பட்டமேற்படிப்பு மாணவராக இருந்த பில் ஜாய், 1976ஆம் ஆண்டு வாக்கில் அதனை உருவாக்கத் தொடங்கினார். அக்காலத்தில் அவர் தொலைபேசிக் கம்பி வழியாகவே கணினியோடு இணைந்து பணியாற்றினார். அந்த இணைப்பில் ஒரு நொடிக்கு ஏறத்தாழ 30 எழுத்துகள் மட்டுமே பயணம் செய்யும். அவர் பயன்படுத்திய முனையத்தின் திரையில் 24 வரிகள் இருந்தன. ஒரு வரியில் 80 எழுத்துகள் அடங்கும். அப்படியென்றால், திரை முழுவதையும் 1,920 எழுத்துகளால் நிரப்ப ஒரு நிமிடத்திற்கும் மேல் ஆகும்.

இத்தகைய சூழலில் ஒவ்வொரு விசையழுத்தமும் விலைமதிப்புள்ளதாக இருந்தது. குறைந்த விசைகளில் நிறைந்த வேலை நடைபெற வேண்டும் எனும் எண்ணம் வி ஐ மென்பொருள் முழுவதிலும் ஊடுருவியது. அவருடைய முனையத்தில் அம்புக்குறிகள் 'எச்', 'ஜே', 'கே', 'எல்' ஆகிய எழுத்து விசைகளின்மேல் அச்சிடப்பட்டிருந்தன. ஆகவே, அந்நான்கு விசைகளே இடம், கீழ், மேல், வலம் நகரும் கட்டளைகளாக அமைந்தன. இன்றும் அவை மாறவில்லை.

நெதர்லாந்து நாட்டைச் சேர்ந்த பிராம் மூலநார், வி ஐ மென்பொருளைப் பின்பற்றி விம் மென்பொருளை உருவாக்கி 1991ஆம் ஆண்டு வெளியிட்டார். 2023ஆம் ஆண்டு தாம் மறையும் வரை அதனை அவர் மேம்படுத்திவந்தார். விம் இலவசமாகவே கிடைக்கிறது. அதனைப் பயன்படுத்துவோர் உகாண்டா நாட்டுக் குழந்தைகளின் நலனுக்கு நன்கொடை வழங்கலாம் என்பது மட்டுமே அவர் விடுத்த வேண்டுகோள்.

புள்ளி விசையின் பணி

விம் மென்பொருளில் இரு முக்கிய நிலைகள் உண்டு. தட்டச்சு நிலையில் அழுத்தும் விசைகள் எழுத்துகளாகத் திரையில் தோன்றும். கட்டளை நிலையில் அதே விசைகள் கட்டளைகளாக மாறிவிடும். எடுத்துக்காட்டாக, கட்டளை நிலையில் 'எக்ஸ்' விசையை அழுத்தினால் ஓர் எழுத்து அழியும். பெரிய 'ஏ' விசையை அழுத்தினால் வரியின் இறுதிக்குச் சென்று தட்டச்சு நிலை தொடங்கும். 'எஸ்கேப்' விசையை அழுத்தினால் மீண்டும் கட்டளை நிலைக்குத் திரும்பலாம்.

40 பெயர்கள் கொண்ட பட்டியலை எடுத்துக்கொள்வோம். முதல் வரியின் இறுதியில் காற்புள்ளி இடப் பெரிய 'ஏ', காற்புள்ளி, எஸ்கேப் என மூன்று விசைகள் தேவை. அடுத்த வரிக்கு இறங்க 'ஜே' விசை தேவை. புள்ளி விசை இல்லையென்றால், எஞ்சிய 39 வரிகளுக்கும் வரிக்கு நான்கு விசைகள் வீதம் 156 முறை அழுத்த வேண்டும். புள்ளி விசையைப் பயன்படுத்தினால், 'ஜே', புள்ளி என வரிக்கு இரண்டே விசைகள். மொத்தம் 78 அழுத்தங்கள் போதும். உழைப்பு பாதியாகக் குறைகிறது. அதைவிட முக்கியமாக, ஒவ்வொரு வரியிலும் அதே திருத்தம் பிசகாமல் நிகழ்கிறது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். இரண்டாவது வரியில் புள்ளியை அழுத்துவதற்கு முன் பயனர் கடைசியாக அழுத்தியது 'ஜே' விசையைத்தான். ஆனால், புள்ளி விசை நிலைகாட்டியை இன்னொரு வரி கீழே இறக்குவதில்லை, காற்புள்ளியையே இடுகிறது. ஏனெனில், புள்ளி விசை நகர்வுகளைக் கணக்கில் கொள்வதில்லை. உரையை மாற்றிய கடைசித் திருத்தத்தை மட்டுமே அது நினைவில் வைக்கிறது. பெரிய 'ஏ' விசையில் தொடங்கி எஸ்கேப் விசையில் முடியும் அனைத்தும் சேர்ந்து ஒரே திருத்தமாகும். 'ஒரு திருத்தம்' என்பதன் இந்த எல்லையே பின்னர் எழும் சிக்கலுக்கு வேராக அமைகிறது.

ஒரு குறுக்குவிசை உருவாகிறது

ஒரு மாணவர் தம் கட்டுரையில் குறிப்பிட்ட சில சொற்களை மேற்கோள் குறிகளுக்குள் இட விரும்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். அதற்காக அவர் 'எஃப்5' விசைக்குப் பின்வரும் மூன்று படிகளை ஒதுக்குகிறார்.

1. நிலைகாட்டி நிற்கும் சொல்லை அழித்துத் தட்டச்சு நிலைக்குச் செல்லுதல்.
2. இரண்டு மேற்கோள் குறிகளைத் தட்டச்சு செய்து, எஸ்கேப் விசையால் கட்டளை நிலைக்குத் திரும்புதல்.
3. அழித்த சொல்லை இரு மேற்கோள் குறிகளுக்கும் நடுவில் ஒட்டுதல்.

அழித்த சொல்லை விம் ஒரு தற்காலிகச் சேமிப்பிடத்தில் வைத்திருக்கும். அதனால்தான் மூன்றாம் படியில் அதனைத் திரும்ப எடுத்து ஒட்ட முடிகிறது. மாணவர் 'மாம்பழம்' என்ற சொல்லின்மீது நிலைகாட்டியை வைத்து எஃப்5 விசையை அழுத்துகிறார். கண்ணிமைக்கும் நேரத்தில் அச்சொல்லின் இரு பக்கங்களிலும் மேற்கோள் குறிகள் தோன்றுகின்றன. குறுக்குவிசை சரியாக இயங்குகிறது.

பிள்ளையார் பிடிக்கக் குரங்கானது

அடுத்து, மாணவர் நிலைகாட்டியைப் 'பலாப்பழம்' என்ற சொல்லின் தொடக்கத்திற்கு நகர்த்துகிறார். புள்ளி விசையை அழுத்துகிறார். அச்சொல்லுக்கும் மேற்கோள் குறிகள் வரும் என்பது அவருடைய எதிர்பார்ப்பு. ஆனால், திரையில் தோன்றுவதோ 'மாம்பழம்பலாப்பழம்' என்ற புதுச்சொல். மேற்கோள் குறி ஒன்றுகூட வரவில்லை. 'வாழைப்பழம்' என்ற சொல்லில் அழுத்தினால், அது 'மாம்பழம்வாழைப்பழம்' ஆகிறது.

இது ஏன் நிகழ்கிறது? எஃப்5 விசையை அழுத்தியதும் விம் அதனை ஒரு தனிச்செயலாகக் கருதுவதில்லை. அவ்விசைக்கு ஒதுக்கப்பட்ட விசைகளை எல்லாம், பயனரே ஒவ்வொன்றாக அழுத்தியதைப் போல வரிசையில் நிறுத்தி இயக்குகிறது. அவ்வரிசையில் இரண்டு திருத்தங்கள் உள்ளன. முதலிரண்டு படிகள் சேர்ந்து ஒரு திருத்தம். ஒட்டுதல் மற்றொரு திருத்தம். புதிய திருத்தம் ஒன்று தொடங்கியவுடன் புள்ளி விசைக்கான நினைவகம் பழையதை நீக்கிவிட்டுப் புதியதை ஏற்றுக்கொள்கிறது. ஆகவே, எல்லாம் முடிந்த பின் அங்கே எஞ்சியிருப்பது 'ஒட்டு' என்ற கட்டளை மட்டுமே. சேமிப்பிடத்தில் 'மாம்பழம்' இருப்பதால், புள்ளியை அழுத்தும் இடமெல்லாம் மாம்பழம் வந்து விழுகிறது.

நீண்ட பேச்சைக் கேட்ட கிளிப்பிள்ளை அதன் கடைசிச் சொல்லை மட்டும் திருப்பிச் சொல்வதற்கு இதனை ஒப்பிடலாம். கிளி பொய் சொல்லவில்லை. தன் நினைவில் நின்றதைத்தான் அது சொல்கிறது.

இதில் வியப்பான செய்தி ஒன்றும் உண்டு. முதல் சொல்லில் எஃப்5 விசையை அழுத்தியவுடன் 'யு' விசையை அழுத்தினால், அதாவது செய்ததை நீக்கும் கட்டளையை இட்டால், மேற்கோள் குறிகள் மறைந்து பழைய சொல் ஒரேயடியாகத் திரும்பிவிடும். பயனர் அழுத்திய ஒரு கட்டளை எத்தனை திருத்தங்களைச் செய்திருந்தாலும், நீக்கும் கட்டளை அவற்றை ஒரு தொகுதியாகக் கருதுகிறது. மீள்செயல் கட்டளையோ கடைசித் திருத்தத்தை மட்டும் கருதுகிறது. ஒரே மென்பொருளில் உள்ள இரு கட்டளைகள், 'ஒரு செயல்' என்பதை இருவேறு அளவுகோல்களால் அளக்கின்றன.

முதல் தீர்வு: ஒரே திருத்தமாக்குதல்

இரண்டு திருத்தங்கள் இருப்பதே சிக்கல் என்றால், அவற்றை ஒன்றாக்குவதே எளிய தீர்வு. ஒட்டுவதற்காகக் கட்டளை நிலைக்குத் திரும்பாமல், தட்டச்சு நிலையிலேயே அழித்த சொல்லைக் கொண்டுவரலாம். 'கண்ட்ரோல்' விசையுடன் 'ஆர்' விசையை அழுத்திச் சேமிப்பிடத்தின் குறியையும் அழுத்தினால், அங்குள்ள சொல் திரையில் இடம்பெறும். இப்போது சொல்லை அழித்தல், மேற்கோள் குறி, சொல், மேற்கோள் குறி, எஸ்கேப் ஆகிய அனைத்தும் ஒரே திருத்தத்திற்குள் அடங்கிவிடுகின்றன.

ஆயினும், இங்கேயும் ஒரு நுட்பம் ஒளிந்திருக்கிறது. இவ்வாறு கொண்டுவந்த சொல்லை, பயனரே தட்டச்சு செய்த எழுத்துகளாக விம் நினைவில் வைத்துக்கொள்ளும். எனவே, 'பலாப்பழம்' என்ற சொல்லில் புள்ளியை அழுத்தினால், பலாப்பழம் அழிந்து அவ்விடத்தில் மேற்கோள் குறிகளுக்குள் மாம்பழம் வந்து அமரும். இது முந்தைய பிழையைவிட ஆபத்தானது. முன்பு தோன்றிய விந்தைச் சொல் கண்ணை உறுத்தியது. இப்போதோ எல்லாம் ஒழுங்காகத் தெரிகிறது; பொருள் மட்டும் மாறியிருக்கிறது.

இதனைத் தவிர்க்கக் கண்ட்ரோல்-ஆர் விசைகளை அடுத்துக் கண்ட்ரோல்-ஓ விசைகளையும் சேர்த்து அழுத்த வேண்டும். அப்போது விம் 'மாம்பழம்' என்ற எழுத்துகளை நினைவில் வைப்பதில்லை. 'சேமிப்பிடத்தில் உள்ளதைக் கொண்டுவா' என்ற கட்டளையையே நினைவில் வைக்கிறது. அடுத்த இடத்தில் அழிக்கப்படும் சொல் பலாப்பழம் என்பதால், பலாப்பழமே மேற்கோள் குறிகளுக்குள் திரும்பி வருகிறது. விளைவை நினைவில் வைப்பதற்கும் செய்முறையை நினைவில் வைப்பதற்கும் உள்ள வேறுபாடு இது. வகுப்பில் ஒரு கணக்கின் விடையை மனப்பாடம் செய்த மாணவர், எண்கள் மாறிய அடுத்த கணக்கிலும் அதே விடையைத்தான் எழுதுவார். வழிமுறையைக் கற்ற மாணவர் புதிய விடையைக் காண்பார்.

இரண்டாம் தீர்வு: புதிய வினைச்சொல்லை உருவாக்குதல்

சில பணிகள் ஒரே திருத்தத்திற்குள் அடங்கா. வரிகளை வரிசைப்படுத்துவது, எண்ணிக்கையைக் கணக்கிட்டு எழுதுவது போன்றவற்றிற்குச் சிறு நிரலே எழுத வேண்டியிருக்கும். இத்தகைய பணிகளுக்கு விம் வேறொரு வழியை வைத்திருக்கிறது.

விம் கட்டளைகள் ஒரு மொழியின் தொடர்களைப் போல அமைந்துள்ளன. 'அழி' என்பது வினை. 'ஒரு சொல்' என்பது அந்த வினையை ஏற்கும் பொருள். இரண்டும் சேர்ந்து 'ஒரு சொல்லை அழி' என்ற முழுக்கட்டளை ஆகிறது. பொருளை மட்டும் மாற்றினால் 'ஒரு பத்தியை அழி' என்று வேறு கட்டளை கிடைக்கும்.

பயனர் தாம் எழுதிய நிரலையும் இத்தகைய வினையாகப் பதிவு செய்யலாம். அதற்கென 'ஜி' எழுத்தும் மின்னஞ்சல் முகவரிகளில் இடம்பெறும் 'அட்' குறியும் சேர்ந்த சிறப்புக் கட்டளை உள்ளது. எந்த நிரலை இயக்க வேண்டும் என்பதை விம் அமைப்பில் முன்கூட்டியே குறித்துவிட்டு, இக்கட்டளையை அழுத்தி, அது எப்பகுதியில் செயல்பட வேண்டும் என்பதைச் சுட்டினால் போதும். பிறகு புள்ளி விசையை அழுத்தும்போது, விம் அந்தப் புதிய வினையையும் அது ஏற்ற பொருளையும் சேர்த்தே மீண்டும் நிகழ்த்துகிறது. நிரலுக்குள் பத்துத் திருத்தங்கள் நடந்தாலும், புள்ளி விசைக்கு அது ஒரே செயல்தான்.

மூன்றாம் தீர்வு: நினைவுக்குறிப்பு விட்டுச்செல்லுதல்

ஏற்கெனவே எழுதிவிட்ட குறுக்குவிசைகளை மாற்றி எழுத விரும்பாதவர்களுக்கும் ஒரு வழி உண்டு. டிம் போப் எனும் நிரலாளர் 'ரிப்பீட்' என்ற செருகுநிரலை உருவாக்கியுள்ளார். செருகுநிரல் என்பது மென்பொருளுக்குக் கூடுதல் ஆற்றல் தரும் சிறு இணைப்பு. சொற்களைச் சுற்றிக் குறிகள் இடுவதற்காக அவரே உருவாக்கிய 'சரவுண்ட்' எனும் செருகுநிரலும், புள்ளி விசையுடன் ஒத்துழைக்க இதனையே நாடுகிறது.

இது செயல்படும் முறை சுவையானது. உரையில் மாற்றம் நிகழும்போதெல்லாம் விம் ஓர் எண்ணை உயர்த்திக்கொண்டே வரும். குறுக்குவிசை தன் பணியை முடித்ததும், 'புள்ளியை அழுத்தினால் என்னை மீண்டும் இயக்குக' என்று செருகுநிரலிடம் ஒரு குறிப்பைக் கொடுக்கிறது. செருகுநிரல் அக்குறிப்பையும் அப்போதைய மாற்ற எண்ணையும் சேர்த்து வைத்துக்கொள்கிறது. பயனர் புள்ளியை அழுத்தும்போது இரு எண்களும் ஒப்பிடப்படுகின்றன. எண் மாறவில்லை என்றால், இடையில் வேறு திருத்தம் எதுவும் நடைபெறவில்லை. ஆகவே, குறுக்குவிசை முழுமையாக இயக்கப்படுகிறது. எண் உயர்ந்திருந்தால், பயனர் வேறு ஏதோ திருத்தம் செய்துவிட்டார் என்று பொருள். வழக்கமான புள்ளி விசையே இயங்குகிறது. மாற்ற எண்ணைப் பாராமல் பழைய குறிப்பையே எப்போதும் பின்பற்றினால், அது வேறொரு வகைக் குளறுபடிக்கு வழிவகுக்கும் அல்லவா?

சோதித்த பின்னரே நம்புதல்

எந்தத் தீர்வைத் தேர்ந்தெடுப்பது என்பது பணியைப் பொறுத்தது. எளிய திருத்தத்திற்கு முதல் தீர்வு போதும். நிரல் எழுத வேண்டிய பணிக்கு இரண்டாவது ஏற்றது. பழைய குறுக்குவிசைகளுக்கு மூன்றாவது உதவும்.

எதுவாயினும், புதிய குறுக்குவிசையை முக்கியமான கோப்பில் உடனே பயன்படுத்தாமல், மூன்று சொற்கள் கொண்ட ஒரு வெற்றுக் கோப்பில் முதலில் சோதிப்பது நல்லது. முதல் சொல்லில் குறுக்குவிசையையும், இரண்டாவது, மூன்றாவது சொற்களில் புள்ளி விசையையும் அழுத்திப் பார்க்க வேண்டும். மூன்று சொற்களும் வெவ்வேறாக இருத்தல் அவசியம். ஒரே சொல்லை மூன்று முறை எழுதிச் சோதித்தால், பலாப்பழத்தின் இடத்தில் மாம்பழம் வந்து அமர்ந்த பிழை கண்ணுக்குத் தெரியாமலே போய்விடும்.

பரதநாட்டிய வகுப்பில் ஆசிரியர் "மறுபடியும்" என்று சொன்னால், கடைசி அசைவைச் செய்ய வேண்டுமா, அடவு முழுவதையும் செய்ய வேண்டுமா என்பது மாணவிக்குத் தெரியும். ஆசிரியரின் பார்வை, முந்தைய பயிற்சி, நடந்த பிழை ஆகியவற்றைக் கொண்டு அவர் புரிந்துகொள்கிறார். கணினிக்கு அத்தகைய ஊகம் இல்லை. செயல் எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது, அதில் எது மாறாதது, எது இடத்திற்கேற்ப மாறுவது என்பவற்றைப் பயனர்தான் தெளிவாக வரையறுக்க வேண்டும். அவ்வாறு வரையறுத்துவிட்டால், நாற்பதாவது வரியிலும் புள்ளி விசை முதல் வரியில் செய்ததைப் போலவே தன் பணியைச் செய்யும்.